எல்லைச்சாமி வராத மாயக்கதைகள்

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்காகத் தமிழில் வரும் மாயக்கதைகள் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. கற்பனை வறட்சி என்பார்கள், வாசகர் இல்லை என்பார்கள். இரண்டும் போதுமான காரணமாகத் தெரியவில்லை. நாட்டார் மரபிலிருந்து முனியையும் பேயையும் எடுத்துக்கொள்ளும் கதைகள், அவை எந்த ஊர் எல்லையில், யார் செய்த அநியாயத்தின் பேரில் நிற்கின்றன என்பதைக் கழற்றிவிடுகின்றன. காவிரிப் படுகையோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு துலக்கமாகும். ஏரிக்கரையில் ஐயனார், நீரோரம் கன்னிமார், ஊர்க்கோடியில் மதுரை வீரன் என்று இங்கே தெய்வத்துக்கு இடமும் உண்டு, பொறுப்பும் உண்டு.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் பல தலைமுறைகளுக்கு மாயக்கதையை அறிமுகம் செய்தது. ஆனால் அதே கதையும் அதே படமும் தெலுங்கு, இந்தி என்று பல மொழிகளுக்கும் போகவேண்டியிருந்ததால், அதன் அரசர்கள் எந்த ஆற்றங்கரையிலும் ஆளக்கூடியவர்களாக இருந்தார்கள். பின்னால் எழுதவந்தவர்களில் பலர் அந்த ஊர்பேரற்ற நாட்டையே மாயக்கதையின் இலக்கணமாகக் கொண்டுவிட்டார்கள். 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கி, இடத்தின் பலம் என்ன என்று காட்டியது. ஆனால் சரித்திரமே அதன் அக்கறை, மாயமல்ல.

மாயத்தையும் மண்ணையும் சேர்த்துக் கட்டிய முன்னோடி பூம்புகாரிலேயே இருக்கிறாள். மணிமேகலையின் அமுதசுரபி சும்மா சுரப்பதில்லை. ஆதிரை முதல் பிச்சை இடவேண்டும். அதன் முதல் வேலை காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்ப்பது. நிபந்தனையும் அறமும் சேர்ந்த மாயம் அது. காத்தவராயன் கதையிலும் அப்படித்தான்: சாதி எல்லையை மீறிப் பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காக அவன் கழுவேறுகிறான். படுகையில் அவன் தெய்வமாக நிற்பதும், ஈழத்தில் கூத்தாக ஆடப்படுவதும் அந்தக் கழுவால்தான். சாதியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு காதல் சாகசம் மட்டுமே.

கழுவும் சாதியும் இளையோருக்கு ஆகுமா என்று கேட்கலாம். சாதி என்னவென்று பதின்வயதினர் பள்ளியிலும் தெருவிலும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் பொம்மையை வைத்துக் குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறலைப் பேசியது. 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. கடினமான விஷயத்தை மாயம் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கற்பனைக்கு ஊர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. முழுக்கப் புனைந்த உலகுக்குத் தேவையில்லைதான். நாட்டார் மரபை உரிமை கோரும் கதைக்குத் தேவை. 2016-இல் ஜே. கே. ரௌலிங் வட அமெரிக்க மந்திர வரலாறு எழுதியபோது, நவாஹோ மக்களின் உருமாறிகள் பற்றிய நம்பிக்கையைத் தம் மந்திரவாதிகளைப் பற்றிய வதந்தியாக மாற்றினார். வாழும் மக்களின் நம்பிக்கை அலங்காரப் பொருளாகிவிட்டதென்று அமெரிக்கப் பழங்குடியினர் கண்டித்தார்கள். அங்கே வெளியார் செய்ததை இங்கே நாமே நம் சாமிகளுக்குச் செய்கிறோம்.

தி. ஜானகிராமனும் எம். வி. வெங்கட்ராமும் இந்த மண்ணை நுணுக்கமாக எழுதிக் காட்டிய படுகை இது. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. இளையோர் கதையைப் பதிப்பிக்குமுன் அதன் சாமி எந்த ஊரைக் காக்கிறது, யாரிடமிருந்து காக்கிறது என்று பதிப்பாசிரியர்கள் கேட்கத் தொடங்கினால், நம் மாயக்கதைகளில் பாதி திரும்ப எழுதப்பட வேண்டியிருக்கும். அது நல்லதுதான்.