இரைவிழுங்கியின் வயிறும் வெள்ளை ஈயின் பெருக்கமும்

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்கள் தென்னந்தோப்புகள் நிறைந்தவை. 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இங்கும் பரவி, கீற்றின் அடியில் சாறுறிஞ்சியது. அது சொரியும் தேன்கசிவில் கரும்பூசணம் படர்ந்து மட்டைகள் கறுத்தன. இதற்குப் பரிந்துரைக்கப்படும் வழிகளில் ஒன்று, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளை அட்டைகளாகக் கீற்றில் பொருத்துவது; பொரிந்து வரும் புழுக்கள் ஈக்களைத் தின்னும். வழி நல்லது, அதன்மேல் வைக்கப்படும் எதிர்பார்ப்புதான் மிகை.

இரை பெருகப் பெருக, அப்புழுவைப் போல இரையைப் பிடித்துத் தின்னும் ஓர் இரைவிழுங்கி உண்ணும் எண்ணிக்கை முதலில் விரைவாகக் கூடி, பிறகு ஓர் உச்சத்தில் நின்றுவிடும். 1959-இல் சூழலியலாளர் ஹாலிங் இதை விளக்கினார். இரையைப் பிடிக்கவும் உண்ணவும் நேரம் பிடிக்கிறது என்பது முதல் காரணம். 1966-இல் கும்பிடுபூச்சிகளை ஆராய்ந்தபோது பசியின் அளவையும் அவர் கணக்கில் சேர்த்தார். வயிறு நிறைந்த பூச்சி மெதுவாகவே தேடும். அருகில் வரும் இரையையும் விட்டுவிடும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கு இந்தத் தடை இன்னும் இறுக்கமானது. அது அரிவாள் போன்ற தாடைகளால் இரையைக் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். நடுக்குடல் பின்குடலோடு திறந்திராததால், முதிர்ந்த பூச்சியாகும்வரை திடக்கழிவு வெளியேறுவதில்லை. செரித்து இடம் உண்டானால்தான் அடுத்த வேட்டை.

ஆய்வகத்தில் பட்டினி போட்ட புழு, கண்ணாடித் தட்டில் குவிந்த இரையை முதல் சில மணி நேரம் மளமளவென்று தின்னும். அந்த வேகத்தைப் புழுக்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் பெருக்கித் தோப்புக்குக் கணக்குப் போடுவது பிழை. அரைகுறையாக உறிஞ்சிவிட்டு விடப்படும் இரைகளும் இறந்தவற்றில் எண்ணப்படுவதால், கொன்றதும் தின்றதும் ஒன்றாகிவிடுகின்றன.

ஈக்கள் குறைவாக இருக்கும்போது இப்புழு அவற்றில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கீற்றெல்லாம் ஈக்களால் வெளுத்த பின் புழுக்களை விட்டாலோ, ஒவ்வொரு புழுவும் நிறைந்த வயிற்றோடு அசைய, ஈக்கள் அவை தின்னும் வேகத்தைவிட வேகமாகப் பெருகும். அப்போது தின்னப்படும் பங்கு சுருங்குகிறது. இரை அருகினால் புழுக்கள் தம்மினத்தையே உண்ணும் என்பதால் அளவின்றி விடுவதும் வீண்.

இதே வெள்ளை ஈயைத் தாக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவிக்கு வயிறு இப்படிக் குறுக்கே நிற்பதில்லை. அது ஈயின் இளங்குஞ்சுகளில் முட்டையிடுகிறது. அதற்கும் வரம்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு வெற்றியும் ஒரு புதிய குளவியாகிறது. 2010-இல் தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் இத்தகைய ஒட்டுண்ணியே. ஆகவே கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டைகள் தாக்குதலின் தொடக்கத்திலேயே கட்டப்பட வேண்டும். என்கார்சியா குளவியைக் கொல்லும் பூச்சிக்கொல்லியைத் தோப்பில் தெளிக்கவே கூடாது.