உட்காரச் சொல்லித்தர வகுப்பு எதற்கு?

நாய்க்குட்டிக்குப் பயிற்சி வகுப்பு தேடுகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, எத்தனை கட்டளை கற்றுத் தருவீர்கள் என்றுதான். உட்கார், படு, வா, கை கொடு என்று பட்டியல் நீள நீளக் கட்டணமும் ஏறும். கடைசி நாளில் சான்றிதழும் உண்டு. ஆனால் கட்டளை பழக்குவது வீட்டுக் கூடத்திலேயே முடிகிற வேலை. வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் குட்டியின் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினால் முகம் நிமிரும், பின்பகுதி தானாகத் தரையில் அமரும். அமர்ந்த நொடியில் துண்டைக் கொடுத்தால் சில நாளில் பழகிவிடும். அப்படியானால் பணம் கட்டி வகுப்புக்குப் போவது, வீட்டில் கிடைக்காத ஒன்றுக்காக இருக்க வேண்டும்: அறியாத மனிதர்களும் வேற்று நாய்களும் பயமில்லாமல் பழக்கமாவதற்காக. வகுப்பின் தரத்தை இதைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஆய்வகத்தில் நாய்களை நெடுங்காலம் வளர்த்துக் கவனித்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், குட்டி பிறரோடு ஒட்டிப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தோடு அடங்கிவிடுகிறது என்றார்கள். பழைய பயிற்சிப் பள்ளிகளோ ஆறு மாதம் ஆகட்டும் என்று சொல்லிவந்தன. போலீஸ் நாய்களுக்காக ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேட்டின் வழிவந்த முறை அவற்றுடையது. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துத் திருத்தும் அந்த முறையைப் பச்சைக் குட்டி தாங்காது. இங்கிலாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் இயன் டன்பார் 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குட்டிகளைக் கயிறு அவிழ்த்து விளையாடவிட்டு, இடையிடையே பழக்கும் வகுப்பைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் குட்டி வகுப்புகள் பெரிதும் அதன் வழிவந்தவை.

தடுப்பூசி எல்லாம் முடியாமல் குட்டியை வெளியே விடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. பார்வோ வைரஸ் குட்டிகளை வாரிக்கொண்டு போகும். மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். ஆனாலும் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் தந்த பரிந்துரை, முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளாவது கழிந்து, குடற்புழு மருந்தும் கொடுத்தபின் ஏழெட்டு வாரத்திலேயே வகுப்பைத் தொடங்கலாம் என்கிறது. அந்நாட்டின் நான்கு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வகுப்புக்குப் போன 279 குட்டிகளில் ஒன்றுக்குக்கூடப் பார்வோ வரவில்லை. இதை அப்படியே சென்னைக்கோ மதுரைக்கோ பொருத்த முடியாது. தடுப்பூசி காணாத தெருநாய்கள் நடமாடும் இடத்தில் ஆபத்து அதிகம். அதனால் பூங்காவின் புல்தரையில் நடக்கும் வகுப்பு வேண்டாம். கழுவிவிடக்கூடிய தளமுள்ள அறை வேண்டும். பார்வோவுக்குப் பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு குட்டியின் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்க்காத இடம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் தள்ளத்தக்கது.

இதைவிடக் கடினமான கேள்வி, வகுப்பால் உண்மையில் பயன் உண்டா என்பது. ஆஸ்திரேலியாவில் கெர்ஸ்டி செக்செலும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு என் வாதத்துக்கு இடைஞ்சலானது. வகுப்புக்குப் போன குட்டிகள் கட்டளைக்கு நன்றாகக் கீழ்ப்படிந்தன. பிறரோடு பழகும் விதத்தில் மட்டும் போகாத குட்டிகளிடமிருந்து குறிப்பிடும்படி வேறுபடவில்லை. மாறாக, பிரிஸ்டல் பல்கலைக்கழகம் ஏறத்தாழ நாலாயிரம் நாய் வளர்ப்போரிடம் விவரம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், குட்டி வகுப்புக்குப் போன நாய்கள் புதியவர்களிடம் சீறுவது குறைவாக இருந்தது. ஆனால் வகுப்புக்கு அழைத்துப் போகிறவர் மற்ற விஷயங்களிலும் அக்கறையோடு வளர்ப்பவராக இருக்கலாம்; குறைவுக்கு அதுவும் காரணமாகலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாரம் ஒரு மணி வீதம் ஆறு வாரம் போனாலும் ஆறே மணி நேரம்தான். அதற்குள் குணம் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதே தவறு. மீதி நேரத்தை வளர்ப்பவர் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் வகுப்பே பயன் தரும். ஒரு மாதம் விட்டுவிட்டுப் போங்கள், பழக்கித் தருகிறோம் என்னும் ஏற்பாடு இந்த இடத்தில்தான் தோற்கிறது: நாய் அங்குள்ளவர் பேச்சைக் கேட்கும், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

விளையாட்டு நேரம்தான் குட்டி வகுப்புகளின் பெரிய பலம். பெரிய ஓட்டையும் அதுவே. பன்னிரண்டு குட்டிகளை அவிழ்த்துவிட்டு ஓரமாக நின்று சிரிக்கும் பயிற்சியாளர், பயந்த குட்டிக்குப் பயத்தையே பயிற்றுவிக்கிறார். ஒரு லாப்ரடார் குட்டி ஒரு பொமரேனியனைப் புரட்டிப்போட்டு ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பயிற்சியாளர் லாப்ரடாரை விலக்கிச் சில நொடி பிடித்து நிறுத்துவார். பொமரேனியன் முன்காலை மடக்கி, பின்பக்கம் தூக்கி மறுபடி வம்புக்கு வந்தால் அது விளையாட்டுதான், விட்டுவிடலாம். வாலை இடுக்கிக்கொண்டு நாற்காலிக்கடியில் புகுந்தால் அன்றைக்கு அந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது. 'அதுங்களே தீர்த்துக்கும்' என்கிறவரிடம் குட்டியை ஒப்படைக்காதீர்கள்.

அடித்து அதட்டினால்தான் நாய் அடங்கும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை வைத்து நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், தண்டனை முறைப் பள்ளி நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். பயிற்சிக்குப்பின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அளவும் கூடுதலாக ஏறியிருந்தது. தின்பண்டம் இருந்தால்தான் கேட்கும் என்ற குறையோ, கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கத் தெரியாதவர் கையில் வருவது. அமெரிக்காவில்கூட நாய்ப் பயிற்சியாளராக அரசு உரிமம் தேவையில்லை. பெயர்ப் பலகையை எவரும் மாட்டலாம். ஆகவே பணம் கட்டுமுன் குட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போய், ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்க மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.