காம்காஸ்ட் – பிட்டோரண்ட் சர்ச்சை: ஒரு மதிப்பீடு

அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாக இருந்த காம்காஸ்ட், பிட்டோரண்ட் வழியாக நடந்த கோப்புப் பகிர்வைத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே குலைத்து வந்தது 2007ஆம் ஆண்டு அம்பலமானது. இணையச் சமத்துவம் பற்றிய விவாதங்களில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. பேராசை கொண்ட நிறுவனத்துக்கும் சுதந்திர இணையத்துக்கும் இடையிலான மோதலாகவே இதைச் சொல்வது வழக்கம். அந்தப் பார்வை முற்றிலும் தவறன்று. ஆனால் நெரிசலைக் கட்டுப்படுத்தும் தேவை இணையச் சேவை நிறுவனத்துக்கு உண்மையிலேயே உண்டு. அதை எந்த அளவுகோலைக் கொண்டு, எவ்வளவு வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தச் சர்ச்சை எழுப்பிய கேள்வி.

சிக்கலின் வேர்

கேபிள் இணைப்பில் ஒரு பகுதியைச் சேர்ந்த பல வீடுகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் தடம் முதலில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீடுகளுக்குக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. எனவே வீட்டை நோக்கி வரும் பாதை அகலமாகவும், வீட்டிலிருந்து வெளியே செல்லும் பாதை குறுகலாகவும் அமைந்தது.

பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டோரண்ட் நெறிமுறை இதற்கு நேர்மாறான பழக்கம் கொண்டது. அதில் ஒரு கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. பெறுபவர் ஒவ்வொருவரும் தம்மிடம் வந்த துண்டுகளைப் பிறருக்கு அனுப்புகிறார். பதிவிறக்கம் முடிந்த பிறகும் கணினி மணிக்கணக்கில் பதிவேற்றிக்கொண்டிருக்கும். சில வீடுகள் இப்படி இயங்கினாலே குறுகலான பாதை நிரம்பி, பக்கத்து வீட்டு இணையத் தொலைபேசி தடுமாறக்கூடும். ஆகவே காம்காஸ்ட் சொன்ன சிக்கல் கற்பனையானதன்று.

போலிப் பொதிகள்

காப்புரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களைப் பகிர்ந்துவந்த ராப் டோபோல்ஸ்கி என்ற வலையமைப்பு வல்லுநர், தம் பதிவேற்றங்கள் காரணமின்றி அறுந்துபோவதைக் கவனித்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விவிலியத்தின் மின்பிரதி ஒன்றைப் பகிர்ந்து சோதித்து, 2007 அக்டோபர் 19 அன்று அதே முடிவை வெளியிட்டது. மின்னணு எல்லை அறக்கட்டளையின் சோதனைகளும் இதை உறுதி செய்தன.

காம்காஸ்ட் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. இரு கணினிகளுக்கு இடையிலான டிசிபி இணைப்பை உடனே துண்டிக்க 'ரீசெட்' என்ற குறி உண்டு. அதை அனுப்ப வேண்டியவை உரையாடும் கணினிகளே. ஆனால் சாண்ட்வைன் என்ற நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு, எதிர்முனைக் கணினி அனுப்பியதைப் போன்ற ரீசெட் பொதிகளைக் காம்காஸ்ட் இடையில் புகுத்தியது. கடிதங்கள் அதிகமாகிவிட்டன என்று அஞ்சல் நிலையம் அவற்றைத் தாமதப்படுத்தலாம். பெறுநரின் கையெழுத்தைப் போட்டு 'இனி எழுத வேண்டாம்' என்று அனுப்புநருக்குக் கடிதம் எழுதினால் அது வேறு செயல். காம்காஸ்ட் செய்தது இந்த இரண்டாவது செயலை ஒத்தது.

நிறுவனம் முதலில் எந்தப் பயன்பாட்டையும் தடுக்கவில்லை என்றது. பிறகு சில பரிமாற்றங்களைத் 'தாமதப்படுத்துவதாக' ஒப்புக்கொண்டது. அறுக்கப்பட்ட இணைப்பைத் தாமதம் என்று அழைப்பது சொல் விளையாட்டே.

ஆணையத்தின் தீர்மானம்

ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் ஆகிய அமைப்புகள் 2007 நவம்பரில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டன. பிட்டோரண்ட் வழியாகச் சட்டப்படி காணொளிகளை விநியோகித்த வியூஸ் நிறுவனமும் மனு அளித்தது. கேபிள் தொலைக்காட்சி விற்கும் நிறுவனம் ஒன்று, இணையத்தில் காணொளி தரும் போட்டியாளரின் வழியை அடைத்தது என்ற கோணமும் இதனால் விவாதத்துக்குள் வந்தது.

2008 ஆகஸ்ட் 1 அன்று ஆணையம் 3–2 என்ற வாக்கில் காம்காஸ்டின் செயல் தவறு என்று முடிவு செய்தது. குறைவாகப் பயன்படுத்துபவரும் பிட்டோரண்டைப் பயன்படுத்தினால் பாதிக்கப்பட்டார். வேறு வழியில் பாதையை நிரப்புபவர் தப்பினார். நெரிசல் இல்லாத நேரத்திலும் இணைப்புகள் அறுக்கப்பட்டன. ஆக, நெரிசல் என்ற நோக்கத்துக்கும் கையாண்ட முறைக்கும் பொருத்தமில்லை. நடைமுறையை அவ்வாண்டு இறுதிக்குள் கைவிடவும், விவரங்களை வெளியிடவும் ஆணையம் உத்தரவிட்டது, அபராதம் விதிக்கவில்லை.

மாற்று வழி இருந்தது

காம்காஸ்டின் பழைய வாதத்துக்கு வலுவான மறுப்பு, அது பின்னர் ஏற்ற புதிய முறைதான். அதில் பயன்பாட்டின் வகை பார்க்கப்படுவதில்லை. ஒரு பகுதியின் தடம் நெரிசலை நெருங்கும்போது, ஏறத்தாழ 15 நிமிடம் தமக்குரிய வேகத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தியவரின் பொதிகளுக்கு முன்னுரிமை குறைக்கப்படும். பயன்பாடு தணிந்ததும் பழைய நிலை திரும்பும். இம்முறையை 2010 டிசம்பரில் ஆர்எஃப்சி 6057 என்ற பொது ஆவணமாகவும் நிறுவனமே பதிவு செய்தது. எந்த நெறிமுறையையும் குறிவைக்காமலும், பொய்ப் பொதி அனுப்பாமலும் நெரிசலைச் சமாளிக்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பிட்டோரண்ட் தரப்பும் மாறியது. பிற பயன்பாடுகளுக்கு நெருக்கடி ஏற்பட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் யூடிபி என்ற முறை 2010 முதல் மியூடோரண்ட் மென்பொருளில் பரவலானது. பயனர்கள் மீது மட்டும் பழி போடுவதும், நிறுவனத்தின் மீது மட்டும் பழி போடுவதும் இந்த வரலாற்றுக்குப் பொருந்தாது.

எஞ்சிய குறைகள்

வெற்றியின் அளவைப் பெரிதாக மதிப்பிடவும் கூடாது. 2008 அக்டோபர் 1 முதல் காம்காஸ்ட் மாதத்துக்கு 250 ஜிகாபைட் என்ற வரம்பை விதித்தது. வரம்பை அறிவித்து விதித்தது நேர்மையானது. ஆனால் நெரிசல் நொடிக்கு நொடி மாறுவது. மாதக் கணக்கு அதை அளப்பதில்லை. நள்ளிரவில் யாருக்கும் இடையூறின்றிப் பதிவிறக்குபவரும், மாலை நெரிசலில் பதிவிறக்குபவரும் அந்தக் கணக்கில் ஒன்றே. 2012இல் அந்த வரம்பு நிறுத்தப்பட்டாலும், பிறகு உயர்ந்த அளவுகளில் பல பகுதிகளுக்குத் திரும்பியது.

வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு 2009 டிசம்பரில் 1.6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஒருவருக்கு உச்சமாக 16 டாலர். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டத்தின் நிலை இன்னும் பலவீனமானது. 2010 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. போலிப் பொதிகள் சரியென்று அது சொல்லவில்லை. உத்தரவிட ஆணையத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்றது. அதன்பின் 2015இல் வந்த வலுவான விதிகள் 2017இல் நீக்கப்பட்டன. 2024இல் மீண்டும் கொண்டுவரப்பட்டவை 2025 ஜனவரி 2 அன்று மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தன. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சட்டங்களே இப்போது எஞ்சியுள்ளன.

தொழில்நுட்பத்தில் தீர்வு ஓர் ஆண்டுக்குள் கிடைத்தது. அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் அமெரிக்கா பல ஆண்டுகளாகத் தடுமாறுகிறது. இருந்தாலும் எந்த நாட்டிலும் எந்த வேகக் குறைப்பையும் எடைபோட இந்தச் சர்ச்சை மூன்று கேள்விகளைத் தந்திருக்கிறது: நெரிசல் உண்மையிலேயே இருக்கிறதா? பயன்பாட்டின் அளவு பார்க்கப்படுகிறதா, வகை பார்க்கப்படுகிறதா? பணம் கட்டுபவருக்கு அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா? 2007இன் காம்காஸ்ட் இந்த மூன்றிலும் தோற்றது.