பனி வடிக்கும் அறை

ஹொக்கைடோவின் பனியைக் கையில் அள்ளி உருட்டினால் உருண்டை பிடிக்காது. தண்ணீர் தெளிக்காத மாவில் கொழுக்கட்டை பிடிக்கப் போனதுபோல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவில் விழுவது பெரும்பாலும் ஈரப் பனி. கனமாக இருக்கும், ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். வடக்குத் தீவான ஹொக்கைடோவில் விழுவதோ காய்ந்த தூள். காற்று நுழையும் சந்தில் எல்லாம் அதுவும் நுழையும். அங்குள்ள அசாஹிகாவா நகரில் 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவானது. அந்த ஊருக்கும் சப்போரோவுக்கும் இடையே 136.8 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் ஓடிய ஒரு மின்சார எக்ஸ்பிரஸ்மீது எனக்கு நெடுநாள் மோகம். வெறும் எண்தான் அதன் பெயர்: 781.

அதை ரசிக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் வந்து மூக்குடைபட்ட வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். 1975இல் சப்போரோவுக்கும் அசாஹிகாவாவுக்கும் இடையே ‘இஷிகாரி’ என்ற எக்ஸ்பிரஸை விட்டபோது, ஜப்பானிய தேசிய ரயில்வே புதிதாக ஒன்றை வடிவமைக்கவில்லை. நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த 485 ரக வண்டிக்குக் கம்பளி போர்த்தி 1500 வரிசை என்று எண் கொடுத்து அனுப்பியது. பனிமூட்டத்தில் தெரியவேண்டும் என்று நெற்றியில் இரண்டு விளக்குகள் வைத்தார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏ.சி., டி.சி. இரண்டு மின்சாரத்திலும் ஓடப் பிறந்த வண்டி. ஹொக்கைடோவின் கம்பியில் இருப்பதோ 20,000 வோல்ட் ஏ.சி. மட்டும். தேவையில்லாத டி.சி. சாமான்களையும் தரைக்கடியில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது.

குளிர் வந்தது. மோட்டார் ஓடினால் சூடாகும். ஆறுவதற்கு வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றோடு பனித்தூளும் உள்ளே போகும். உள்ளே இருக்கும் சூட்டில் உருகித் தண்ணீராகும். மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று, மழைநாளில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பழுதுமேல் பழுது. கடைசியில், குளிர்காலத்தில் சில வண்டிகளை முன்கூட்டியே அட்டவணையிலிருந்து எடுத்துவிடும் நிலை வந்தது. பனி நாட்டுக்கென்று வந்த வண்டிக்குப் பனிக்காலத்தில் விடுப்பு!

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. 1967இல் ஹொக்கைடோவுக்கென்றே 711 என்ற வண்டியைச் செய்து பார்த்திருந்தார்கள். மறு ஆண்டு முதல் அது ஊருக்கு ஊர் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மங்கிய சிவப்பு நிறம், எக்ஸ்பிரஸுக்குரிய மிடுக்கு கிடையாது. சாதாரண வண்டிதானே என்று அதன் வித்தையை எக்ஸ்பிரஸுக்கு எடுத்துவர 1978 வரை ஆகிவிட்டது. அந்த ஆண்டு வந்த மாதிரிதான் 781.

அந்த வித்தையின் உயிர், பெட்டியின் ஓரத்தில் ஒதுக்கிய ஒரு சிறு அறை. பனியை வெட்டிப் பிரிக்கும் அறை என்று பொருள்படும்படி ஜப்பானியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கச் சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வரிவரியாகச் சட்டம் அடித்த வாய் தெரியும், அவ்வளவுதான். தண்டவாளத்தை ஒட்டிச் சுழன்றடிக்கும் பனிப்புழுதிக்கு எட்டாத உயரத்தில் காற்று உள்ளே வரும். குறுகலான வாயிலிருந்து அகலமான அறைக்குள் வந்ததும் அதன் வேகம் தளரும். வேகம் தளர்ந்த காற்றால் பனியைத் தூக்கிப் பிடித்திருக்க முடியாது, கீழே போட்டுவிடும். கலங்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி வைத்தால் மண் அடியில் தங்குவதுபோல. தெளிந்த காற்று மட்டும் குழாய் வழியே மோட்டாருக்கு இறங்கும். அந்த இடத்தில் இருக்கை போட்டு டிக்கெட் விற்றிருக்கலாம். விற்காமல் காலியாக விட்டார்களே, அந்தக் காலி இடத்தைத்தான் நான் ரசிக்கிறேன்.

மின்சாரப் பக்கத்திலும் அதே மனப்போக்கு. பழைய முறையில் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உலோக முனைகள் டக் டக்கென்று ஒட்டிப் பிரிய வேண்டும். நடுவே ஈரம் புகுந்தால் போச்சு. 711 போலவே 781இலும் அந்த வேலையைத் தைரிஸ்டர் என்னும் குறைக்கடத்தி பார்த்தது. அசையும் முனை இல்லை, ஆகவே பனிக்கு விரல் நுழைக்க இடமும் இல்லை.

சின்னச் சின்னச் சங்கதிகளும் உண்டு. வாசலைத் திறந்தவுடன் கூடம் வராது. நம் பழைய வீட்டு ரேழிபோல ஒரு சிறு இடம், அதற்கு ஒரு கதவு, அப்புறம்தான் இருக்கைகள். சூடு வெளியே ஓடாது. பனி கொட்டும்போது சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் பனி இறுகிவிட்டால் பிரேக் பிடிக்காது. அதற்காக ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் கட்டை சக்கரத்தைப் பட்டும் படாமலும் தொட்டபடியே வரும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. ஆனாலும் ஒரு தொல்லை தீரவில்லை. அடிப்பாகத்தில் ஒட்டி இறுகிய பனிக்கட்டி, ஓட்டத்தில் கழன்று விழுந்தால் ஜல்லி தெறித்து ஜன்னலை உடைக்கும். இதற்காக ஹொக்கைடோ வண்டிகளின் ஜன்னல்களுக்கு வெளியே பாலிகார்பனேட் தகடு பொருத்தினார்கள். கண்ணாடி பிழைத்தது. ஆண்டுகள் போகப்போகத் தகடு கீறி மங்கியதால், கண் புரை விழுந்தவர் பார்ப்பதுபோலத்தான் வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இது பெரிய குறை, எனக்கும்தான்.

1980இல் 781 முழு அளவில் வந்து, ‘லைலாக்’ என்ற பெயரில் முரோரானிலிருந்து சப்போரோ வழியாக அசாஹிகாவா வரை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் 485-கள் ஹொன்ஷுவுக்குத் திரும்பின. அவற்றின் முகப்புப் பெட்டி ஒன்றை நீகாட்டாவின் நீட்சு ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம், நெற்றியின் இரண்டு விளக்குகளோடு.

1990இல் வந்த 785 என்ற புது வண்டி மணிக்கு 130 கிலோமீட்டரில் பாய்ந்து, சப்போரோவுக்கும் அசாஹிகாவாவுக்கும் இடையிலான தூரத்தை 1 மணி 20 நிமிடத்தில் கடந்தது. வேகத்தில் 781 அதற்கு ஈடில்லை. இதன் உச்சமே 120தான். மொத்தம் 48 பெட்டிகள், 2007 வரை ஓடின. இடையில், 2003 முதல் சில ஆண்டுகள், சிலவற்றுக்கு மட்டும் வேறு வேலை கிடைத்தது: டோரேமான் படங்களை உடம்பெல்லாம் வரைந்துகொண்டு, ஹகோடாட்டேயிலிருந்து குழந்தைகளைக் கடலுக்கடியில் இருந்த யோஷியோகா நிலையத்துக்கு அழைத்துப் போவது. 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கத்துக்குள் இருக்கிறது அந்த இடம். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 20 டிகிரி, வியர்க்க வைக்கும் ஈரக்காற்று. சட்டமடித்த வாய் வழியே அதையும் அந்தச் சிறு அறை உள்ளே இழுத்து, வேகம் தணித்து, மோட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வடிக்கத்தான் ஒன்றும் இல்லை.