பட்டம் பிசகும் ஆண்டின் காய்கறித் தோட்டம்

இயற்கை வழிக் காய்கறிப் பண்ணையில் நடவுத் திட்டமே முதல் பயிர்ப் பாதுகாப்பு. வேரழுகலோ இலைக்கருகலோ வந்த பிறகு தெளித்துக் காப்பாற்ற அங்கே இரசாயன மருந்து கிடையாது. எந்தப் பயிர் எந்த வயதில், எந்தப் பாத்தியில் நின்று மழையை வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அப்படி யோசித்துப் போட்ட தோட்டத்தை ஐப்பசி அடைமழையில் சுற்றிப் பார்ப்பது தேர்ந்த கைவேலையைப் பார்க்கும் இன்பத்தைத் தரும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆடிப்பட்டம் என்னும் விதைப்புப் பருவம் அதை ஒட்டி அமைந்தது. ஆடியில் விதைத்த வெண்டை பெருமழைக்குள் பெரும்பகுதிக் காயைக் கொடுத்துவிடும். பீர்க்கும் புடலையும் பந்தலேறி வேர் பிடித்திருக்கும். கணக்கு அழகானதுதான், ஆனால் வானம் அதற்குக் கட்டுப்படுவதில்லை. 2015இல் சென்னையை மூழ்கடித்த வடகிழக்குப் பருவமழை, அடுத்த ஆண்டே இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. கொட்டியது. நாட்காட்டியை மட்டும் நம்பிய திட்டம் இத்தகைய ஆண்டுகளில் நிற்காது.

ஆகவே தேர்ந்த விவசாயி மண்ணின் பதம் பார்த்து விதைக்கிறார். நாற்றையும் ஒரே தவணையில் விடுவதில்லை. தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்கு வரும், கத்தரிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், மிளகாய்க்கு இன்னும் சில நாள். பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக நாற்று விட்டால், முதல் தவணை மழையில் அழுகினாலும் அடுத்தது கைகொடுக்கும். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நேர்த்தி செய்வது நாற்றழுகலைக் குறைக்கும். நடவு தள்ளிப்போய்ப் பாத்தி சும்மா கிடந்தால், ஒரு மாதத்துக்குள் பறித்துவிடக்கூடிய சிறுகீரை அந்த இடைவெளியை நிரப்பும்.

இந்தக் கலையின் நுட்பம் முழுதாகத் தெரிவது பந்தல் அவரையில்தான். நாட்டு அவரை மழையைப் பார்த்துப் பூப்பதில்லை. பகல் பொழுது குறுகுவதைப் பார்த்துப் பூக்கிறது. ஆடியில் போட்டாலும் ஆவணிக் கடைசியில் போட்டாலும் பூப்பது பெரும்பாலும் பனிக்காலத்தை ஒட்டித்தான். தாமதமாக விதைத்தால் கொடி படர நாள் போதாமல் காய்ப்பு குறைந்துவிடும். இதை அறிந்தவர், மழை பிந்தும் ஆண்டில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரைக் குடத்தில் சுமந்தாவது முதலில் அவரைக் குழிக்கு ஊற்றுவார். கத்தரியைக் காத்திருக்க விடுவார். அப்படியும் பிந்திவிட்டால் குழிகளை நெருக்கிப் போடுவார், சிறிய கொடிகளுக்கு அந்த இடமே போதும் என்பதால். குத்து அவரை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்தப் பயிர் காத்திருக்கும், எது காத்திருக்காது என்ற இந்த அறிவு எந்த வானிலை அறிக்கையிலும் கிடைக்காது.

நிலத்தின் ஏற்ற இறக்கமும் திட்டத்தில் சேரும். நீர் தேங்கினால் அழுகிவிடும் சின்ன வெங்காயமும் தக்காளியும் மேட்டுப்பாத்திக்கு. ஈரத்தில் செழிக்கும் சேம்பு தாழ்வான மூலைக்கு. வடிகாலை மழைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

உரத்திலும் இதே முன்யோசனை வேண்டும். பெருமழை தழைச்சத்தைக் கரைத்து இழுத்துப் போய்விடும். நீரில் ஊறிய மண்ணில் காற்றோட்டம் இன்றி நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகும். அதனால் மண்புழு உரம் முழுவதையும் அடியுரமாகக் கொட்டாமல், ஒரு பங்கை மழை வெறித்து மண் உலரும் நாளுக்கு நிறுத்திவைப்பது நல்லது.

பட்டம் அடியோடு தவறிய பாத்திக்கு, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய பலதானிய விதைப்பு பொருந்தும். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் விதைகளைக் கலந்து தூவி, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் தைப்பட்டத்துக்கு மண் தயாராகிவிடும். அந்தப் பட்டத்தின் பரப்பை மார்கழிக் கடைசியில் கிணற்று நீர்மட்டம் தீர்மானிக்கிறது. நீர் தாராளமாக இருந்தால் தக்காளியும் பாகலும் விரிந்து நடப்படும். குறைவாக இருந்தால் சில பாத்திகளோடு நிறுத்திக்கொண்டு, மூடாக்குப் போட்ட மற்ற இடங்களில் கொத்தவரையும் தட்டைப்பயறும் விதைக்கப்படும்.