ஓர் எழுத்தின் முள்!

மரபு காக்கப்பட வேண்டும் என்கிறார்கள். நன்று! காக்கட்டும். ஆனால் காவலர்களைப் பார்த்து ஒன்று கேட்டிடும் உரிமை நமக்கு உண்டு. நீங்கள் காப்பது மரபை. அந்த மரபு காப்பது எவரை?

இந்தக் கேள்வியை மறைநூல் அறியாதார்தாம் கேட்பர் என்று எண்ணிட வேண்டாம். தல்மூத் ஏட்டினைத் துறைபோகக் கற்று, எபிரேய மொழியிலே கவி பாடிய யூதர் ஒருவரே கேட்டார். 1870-களிலேயே கேட்டார். யூதா லைப் கோர்டன் என்பது அவர் பெயர். 1830-ல் வில்னா நகரில் பிறந்தவர். ஜார் ஆட்சியின் கீழிருந்த லிதுவேனியச் சிற்றூர்களிலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் இயற்றிய நெடுங்கவிதை ஒன்றின் பெயர் 'கோட்சோ ஷெல் யோத்'. யோத் என்பது எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளிலே மிகச் சிறியது. அந்தச் சின்னஞ்சிறு எழுத்தின் முனையிலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்—அதுதான் தலைப்பு. அற்பத்திலும் அற்பமானது என்று சுட்ட அம்மொழியார் வழங்கும் தொடர். அந்த அற்பம் ஒரு பெண்ணின் வாழ்வையே கிழித்த கதைதான் கவிதை.

கதை விளங்கிட, யூத மணச்சட்டத்தில் ஒரு செய்தி தெரிந்தாக வேண்டும். மணவிலக்குச் சீட்டுக்கு அவர்கள் 'கெட்' என்று பெயரிட்டுள்ளனர். 12 வரிகள் கொண்டது. குறிப்பிட்ட அந்தக் கணவன் மனைவிக்கென்றே கையால் எழுதப்பட வேண்டும். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் பிசகக்கூடாது. சாட்சிகள் இருக்க, கணவன் நேரிலோ தூதன் வழியாகவோ கொடுக்க வேண்டும். மனைவி பெற வேண்டும். கொடுப்பவன் கணவன், மன்றமன்று! அவன் மறுத்தாலும், மறைந்தாலும், மாண்டதற்குச் சான்று கிடைக்காவிட்டாலும், அவள் 'அகுனா'—கட்டுண்டவள். மறுமணம் ஆகாது. மீறி வேறொருவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால், அப்பிள்ளை 'மம்சேர்' எனப்படும். ஏனைய யூதரோடு மணவுறவு கொள்ளத் தகாதது எனத் தள்ளப்படும். அந்தக் கறை வழிவழியாகத் தொடரும்.

இனி, கதை. அயலோன் என்னும் ஊரிலே, செல்வர் வீட்டுப் பெண் பத்-ஷுவா. அவளுக்குத் தந்தை தேடித் தந்த மாப்பிள்ளை ஹிலேல். ஏடு கற்றவன், உலகம் கற்றானில்லை. மாமனார் செல்வம் கரைந்தது. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்றவன், சென்றவனேயானான். அவளோ சிறு கடை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறாள். அவ்வூருக்கு இருப்புப்பாதை வருகிறது. அந்தப் பணியை மேற்பார்க்க வந்த ஃபாபி என்னும் புதுக்கல்வி பெற்ற இளைஞன், அவளிடம் அன்பு கொள்கிறான். ஹிலேலைத் தேடிக் கண்டுபிடித்து, பணம் தந்து, விலக்குச் சீட்டைப் பெறுகிறான். சீட்டு வந்து சேர்கிறது. மூவர் அமர்ந்து ஆராய்கின்றனர். இருவர் செல்லும் என்கின்றனர். ரபி வோஃப்சி மட்டும் செல்லாது என்று முழங்குகிறார். அவர் முழக்கமே வெல்கிறது. காரணம்? ஹிலேல் என்ற பெயரிலே யோத் இல்லை!

வேறு சீட்டு எழுதி வாங்கலாமே என்பீர்கள். எவரிடம் வாங்குவது? ஹிலேல் ஏறிய கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. மாண்டான் என்றாவது கொள்ளலாமா? கூடாதாம்! கரை காணாத நீரிலே மறைந்தவன் எங்கேனும் கரையேறியிருக்கலாம். ஆகவே அவன் மனைவி மணத்தல் ஆகாது என்பது பழைய விதி. உயிரோடிருந்தபோது அவன் எழுதிய சீட்டு செல்லவில்லை. இறந்தபோது அவன் சாவும் செல்லவில்லை! இறுதியிலே பத்-ஷுவா, அந்தப் புதிய இரயில் நிலையத்திலே சில்லறைப் பண்டம் விற்று வயிறு கழுவும் ஏழையாக நிற்கிறாள்.

பள்ளியிலே மாணவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் நாம் சிவப்பு மையால் கோடிடுகிறோம், திருத்தி எழுது என்கிறோம், அத்தோடு தீர்ந்தது. இங்கோ, நடந்தது பிழைகூட அன்று. அந்தப் பெயரை யோத் இட்டும் எழுதலாம், இடாமலும் எழுதலாம். விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலிலேயே யோத் இல்லாமல்தான் அது இருக்கிறது. மறைநூல் ஏற்ற எழுத்தை மறைநூலின் காவலர் ஏற்கவில்லை. கவிஞரின் திறம் இங்கேதான் இருக்கிறது. கடவுள் உண்டா, மறை உண்மையா என்ற பெரும் வழக்கை அவர் எடுக்கவில்லை. ஓர் எழுத்தை எடுத்தார். தராசின் ஒரு தட்டிலே வைத்தார். மறு தட்டிலே ஒரு பெண்ணின் வாழ்வை வைத்தார். எது கனம் என்று நம்மையே பார்க்கச் சொன்னார்.

"என்ன செய்வது? சட்டத்தின் கைகள் கட்டுண்டு கிடக்கின்றன" என்பர் காவலர். உண்மைதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

அந்த ஹிலேல் என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பு அதே பெயர் தாங்கிய பேரறிஞர் ஒருவர் இருந்தார். ஏழாம் ஆண்டு வந்தால் கடன்கள் நீங்கிப் போகும் என்பது தோராவின் கட்டளை. ஏழையைக் காக்க வந்த கட்டளை, ஏழைக்கே இடையூறாயிற்று. ஏழாம் ஆண்டு நெருங்கினால் கடன் கொடுப்பார் இல்லை. ஹிலேல் கண்டார். கடனை மன்றத்திடம் ஒப்புவித்து, பின்னரும் வசூலிக்க வழிசெய்யும் 'புரோஸ்புல்' என்னும் பத்திரத்தை ஏற்படுத்தினார். கட்டளையின் எழுத்து நின்றது. ஏழைக்குக் கடனும் கிடைத்தது.

வட்டி வாங்கலாகாது என்பது விதி. கடனைக் கூட்டு வணிகமாக எழுதிக்கொள்ளும் 'ஹெத்தெர் இஸ்கா' பத்திரம் பிறந்தது. இஸ்ரேல் நாட்டு வங்கிகள் இன்று அதைக் கொண்டு நடக்கின்றன. பாஸ்கா விழாவிலே புளித்த மாவுப் பண்டம் யூதர் உடைமையில் இருத்தலாகாது. யூதரல்லாதார் ஒருவருக்கு விற்றுவிட்டு, விழா முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். ஏழாம் ஆண்டிலே நிலத்தைத் தரிசாக விட வேண்டும்; பாலஸ்தீனத்திலே குடியேறிய உழவர் பட்டினி கிடப்பரே என்று, 1889-ல் நிலத்தை யூதரல்லாதாருக்குப் பெயரளவில் விற்றிட இசைவு தந்தனர். ஓய்வுநாளிலே 39 வகை வேலைகள் கூடா. மின்விசையைத் தொடுவதும் கூடாதாம். ஆகவே மாடிக்கு மாடி தானே நின்று தானே நகரும் மின்தூக்கி வந்தது. வெள்ளி மாலைக்கு முன்பே முடுக்கி வைத்த கருவி விளக்கை ஏற்றுகிறது, அணைக்கிறது. வீட்டுக்கு வெளியே பொருளைச் சுமத்தலாகாது; நகரைச் சுற்றிக் கம்பி கட்டி, அத்தனையும் ஒரே வளாகம் என்கிறார்கள். மன்ஹாட்டனிலே அத்தகைய கம்பி இன்று கட்டப்பட்டிருக்கிறது.

இவை கண்டு நாம் நகைக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் எவரும் உழைக்கலாகாது, வேலைக்காரனும் உழைக்கலாகாது என்று அவ்வளவு பழங்காலத்திலே விதித்தது உயர்ந்த எண்ணம். அதனை எந்திர யுகத்திலும் கைவிடாதிருக்க விழைவோர் அறிவைச் செலவிடுகிறார்கள். செலவிடட்டும்! நாம் சுட்டுவது வேறு. மின்தூக்கிக்கு வழி கண்டது இந்த அறிவு. மாவுக்கு, நிலத்துக்கு, வட்டிக்கு வழி கண்டது. கட்டுண்ட பெண்ணைக் கண்டதும் மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்?

எப்போதும் மூடிக்கொண்டதுமில்லை என்பதை நேர்மையோடு கூறிடல் வேண்டும். கணவன் மாண்டான் என்று ஒரே ஒரு சாட்சி கூறினாலும் போதும் என்று மறுமணத்துக்கு இசைந்தார், முதலாம் நூற்றாண்டின் மூத்த கமாலியேல். பெண்ணை அவள் விருப்பின்றி விலக்கலாகாது என்ற ஆணை, ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டிலே மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபி கெர்ஷோம் பெயரால் வழங்குகிறது. கோர்டன் காலத்திலேயே கோவ்னோ நகரின் ரபி ஸ்பெக்டர், கட்டுண்ட பெண்களை விடுவிக்க வழி தேடித் தேடித் தீர்ப்பெழுதிப் புகழ் பெற்றார். 1973 போரிலே மறைந்த வீரர்களின் மனைவியர் ஏறத்தாழ 950 பேர் மறுமணம் செய்யலாம் என்று தீர்ப்பளித்தார் ரபி ஒவாதியா யோசெஃப். 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் கோபுரங்கள் இடிந்தபோது, தொலைபேசிக் குறிப்புகளையும் மரபணுச் சோதனையையும் சான்றாக ஏற்று விதவையரை விடுவித்தது அமெரிக்க ரபி மன்றம். மனம் இருந்தது; மார்க்கம் பிறந்தது!

ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை, கணவன் இறந்துபட்ட வழக்குகள். உயிரோடிருந்து, 'தரமாட்டேன்' என்று நிற்கும் கணவன் முன்னே மன்றம் தயங்குகிறது. மனைவி மறுத்தால் கணவனுக்கு என்ன வழி? 100 ரபிகள் கையொப்பமிட்டால் அவன் வேறு மணம் செய்யலாம் என்பது ஐரோப்பிய யூதர் மரபு. கணவன் மறுத்தால் மனைவிக்கு? ஆயிரம் ரபிகள் கையொப்பமிட்டாலும் வழியில்லை! மணம் புரிவோர் அறிஞர் மன்றத்தின் இசைவுக்கு உட்பட்டே மணக்கின்றனர். ஆகவே மன்றம் அந்த மணத்தையே இல்லாததாக்கலாம் என்ற கோட்பாடு தல்மூதிலேயே இருக்கிறது. சாவி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எடுத்திடும் துணிவு பழமைவழி மன்றங்களில் மிகப் பலவற்றுக்கு இல்லை.

இந்த இடத்திலேதான் கோர்டன் கவிதையின் குறையும் தெரிகிறது. கொடுமை முழுவதையும் அவர் வோஃப்சி மேல் ஏற்றிவிட்டார். நல்ல ரபி ஒருவர் தலைமையில் இருந்திருந்தால் பத்-ஷுவா வாழ்ந்திருப்பாள் என்றே படிப்போர் எண்ணுவர். வோஃப்சி முள், உண்மை. அந்த முள் வளர்ந்த செடியோ, விலக்கும் உரிமையை ஒருவன் கையில் மட்டும் வைத்த ஏற்பாடு. அதனைக் கவிஞர் போதிய அளவு தாக்கவில்லை. மேலும், பத்-ஷுவா துன்புறுகிறாள், துணிகிறாளில்லை. தந்தை முடித்த மணம், ஃபாபி வாங்கிய சீட்டு, வோஃப்சி மறித்த விடுதலை—எல்லாம் ஆடவர் செயல். கவிதை எழுதப்பட்ட எபிரேயமோ அக்காலப் பெண்களுக்குக் கற்பிக்கப்படாத மொழி. கற்றிருந்த அரிய பெண்மணி மிரியம் மார்க்கெல்-மோசெசோன். அவருக்கே கவிஞர் நூலைப் படைத்தார். பெண்ணுக்காக அழுத பாட்டு, பெண்கள் படிக்க இயலாத பாட்டாயிற்று!

ஆயினும் ஒன்று மறக்கற்பாலதன்று. புதுமை வந்தால் எல்லாம் தீரும் என்று கவிஞர் பொய்யாறுதல் கூறவில்லை. இரயில் வந்தது, அவளுக்கு வழி வரவில்லை. இருப்புப்பாதை ஊரைத்தான் கடந்தது, மண்டையைக் கடக்கவில்லை.

பத்-ஷுவா பேசாததை, 138 ஆண்டுகள் கழித்து ஒருத்தி பேசினாள். 2014-ல் ரோனித் எல்கபெட்ஸும் அவர் தம்பி ஷ்லோமியும் எடுத்த 'கெட்' திரைப்படத்திலே, விவியான் என்னும் பெண் ரபி மன்றத்திலே ஐந்தாண்டுகள் வழக்காடுகிறாள். மன்றக் கூடத்தையும் அதன் வாயிலையும் தாண்டி நாம் எங்கும் செல்வதில்லை. அவள் கத்துகிறாள், சிரிக்கிறாள், நீதிபதிகளை நேர்நின்று கேட்கிறாள். முடிவிலே கணவன் கேட்கும் விலை என்ன? வேறெந்த ஆடவனோடும் வாழ்வதில்லை என்ற வாக்குறுதி! கதையன்றோ என்று தள்ளிட இயலாது. இஸ்ரேலிலே யூதரின் மணமும் மணவிலக்கும் ரபி மன்றங்களின் ஆட்சிக்குட்பட்டவை என்பது 1953-ஆம் ஆண்டுச் சட்டம். கடவுளை நம்பாத யூதப் பெண்ணும் அங்கேதான் சென்றாக வேண்டும். மறுக்கும் கணவனின் உரிமங்களை முடக்கவும், சிறையிலடைக்கவும் 1995 சட்டம் வழி செய்தது. ஆனால் சிறை சென்றும் மசியாத கணவர் உண்டு. அவன் கை நீட்டினால்தான் அவள் கட்டு அவிழும் என்பது மாறவில்லை.

மாற்றிட முயல்வோரும் யூதரே. 1954-ல் அறிஞர் சால் லீபர்மன் மண ஒப்பந்தத்திலேயே ஒரு விதியைச் சேர்த்தார். அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவினர், நாட்டு நீதிமன்றம் தந்த விலக்கே போதும் என்றனர். 1990-கள் தொட்டுப் பழமைவழி ரபிகளிலே சிலர், சீட்டுத் தராத நாள்தோறும் கணவன் பணம் தர வேண்டும் என்று மணத்துக்கு முன்பே எழுதி வாங்குகின்றனர். இவர்கள் எவரும் மரபைக் கொளுத்த வந்தோர் அல்லர். மரபினுள்ளே மனிதருக்கு இடம் கேட்போர்.

இளைஞர்கட்கு ஒரு சொல். யூத மரபைக் குறை கூறுவதும் யூதரை வெறுப்பதும் ஒன்றல்ல. கோர்டன் தம் மக்களின் பழமையைச் சாடினார். பகைத்தோர் புறங்கூறலால் 1879-ல் சிறைப்பட்டு, ஜார் நாட்டின் தொலைவான ஓர் ஊருக்குக் கடத்தப்பட்டார். 1881-ல் ஜாரின் நாட்டிலே யூதர் வீடுகள் சூறையாடப்பட்டபோது, கல்வியால் சமத்துவம் வரும் என்ற அவர் நம்பிக்கையும் நொறுங்கிற்று. வெளியே வெறியர், உள்ளே வோஃப்சிகள். இரண்டுக்கும் நடுவே நின்று பாடினார். வெறியனுக்கு அஞ்சி வோஃப்சியை விட்டுவிடவில்லை. விமரிசகனின் அறம் அதுவே.

மரபைக் காப்போரே, காத்திடுங்கள்! விளக்கேற்றுங்கள், ஓய்வுநாள் கொண்டாடுங்கள், முன்னோர் மொழியிலே பாடுங்கள். மின்தூக்கிக்குக் காட்டிய இரக்கத்தை ஒரு பெண்ணுக்கும் காட்டுங்கள். எழுத்தை மனிதன் படைத்தான். முள்ளைக் களைவதும் மனிதன் கடனே!