சோதிடர் ஏடும் சரிதாசிரியர் சொல்லும்: சைமன் போர்மன் வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் மூலச்சான்றுகளில் உள்ளவற்றைத் தம் மொழியில் எடுத்துரைத்தே ஆகவேண்டும். சான்றுகளை அப்படியே அடுக்கி வைத்தால் அது தொகுப்பாகுமேயன்றிச் சரிதமாகாது. இவ்வாறு எடுத்துரைப்பதைச் சொற்களை மாற்றும் வேலையென்று கருதுவோர் பலர். பிறர் வாக்கியமொன்றை எடுத்து, இரண்டொரு சொல்லை நீக்கி, எழுவாயையும் பயனிலையையும் இடம்பெயர்த்துவிட்டால் அது தமதாகிவிடும் என்ற எண்ணம் மாணவர் கட்டுரைகளில் மட்டுமன்றிப் பெயர் பெற்ற நூல்களிலும் காணப்படுகின்றது. அது களவென்பதை எடுத்துக்காட்டுவது எளிது. இரு நூல்களையும் அருகருகே வைத்தால் போதும். அதனிலும் கண்டுபிடித்தற்கரிய பிழை ஒன்றுண்டு. மூலத்திலே பேசுபவர் யார், எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்பது எடுத்துரைப்பிலே தொலைந்து போவதே அது. சோதிடர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகும்போது இப்பிழை நேர்வதற்கான வாய்ப்பு ஏனைய சரிதங்களிலும் பார்க்க மிகுதியாகும். இங்கிலாந்தின் சைமன் போர்மன் பற்றி எழுந்த நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

போர்மன் 1552 ஆம் ஆண்டின் இறுதியில், சோல்ஸ்பெரி நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிற் பிறந்தவர். முறையான மருத்துவக் கல்வி பெறாதவர். எனினும் எலிசபெத் அரசியாரின் ஆட்சியின் பிற்பகுதியிலே இலண்டனில் சோதிட மருத்துவராகப் பெரும் புகழ் ஈட்டினார். மருத்துவர் கழகத்தினர் அவரைப் பலமுறை விசாரித்துத் தண்டித்தனர். 1603 இல் கேம்பிறிஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவம் பார்க்கும் அனுமதியை வழங்கியது. 1611 செப்டெம்பரில் அவர் இறந்தார். இவ்வளவில் நின்றிருந்தால் அவர் பெயரை இன்று நினைப்பார் எவருமிலர். அவர் எழுதிக் குவித்த ஏடுகளே அவரை வாழவைத்தன. அவருடைய மாணாக்கரும் நண்பருமான ரிச்சட் நேப்பியர் என்ற பாதிரியாரின் கைக்குச் சென்ற அவ்வேடுகள், பின்னர் எலியாஸ் அஷ்மோலின் சேகரிப்பிற் சேர்ந்து, இன்று ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்திலே பேணப்படுகின்றன. 1596 முதல் 1603 வரையான காலப்பகுதிக்குரிய நோயாளர் பதிவுகள் மட்டுமே ஏறத்தாழ 10,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன.

அப்பதிவுகளின் அமைப்பினை அறிந்துகொள்ளாமல் அவற்றை எடுத்துரைக்கப் புகுதல் ஆபத்தானது. போர்மன் பெரும்பாலும் கையாண்டது நம்மவர் ஆரூடம் என்றும் பிரசன்னம் என்றும் கூறுவதையொத்த முறையாகும். வினவ வந்தவர் பெயர், வயது, வந்த நாள், நேரம், வினா ஆகியன முதலில் எழுதப்படும். அந்நேரத்துக் கிரக நிலை பன்னிரு வீடுகள் கொண்ட சக்கரமாக வரையப்படும். அதன் கீழே சோதிடரின் தீர்ப்பு இடம்பெறும். வினவ வந்தவர் தம்மைப் பற்றிக் கூறிய செய்திகள் சிலவேளை இடையிலே புகும். சோதிடர் பின்னர் கேள்விப்பட்டவை ஓரத்திலே ஏறும். இவற்றோடு, போர்மனைப் பொறுத்தவரை, அவருடைய சொந்த ஆசைகளும் அதே பக்கங்களில் அதே மையினால் எழுதப்பட்டுள்ளன. பெண்களுடன் தாம் கொண்ட உறவுகளைக் குறிக்க அவர் ஒரு மறைமொழியையும் ஆக்கி வைத்திருந்தார். ஆகவே ஒரே பக்கத்தில் வினவியவரின் கூற்று, கிரகங்களிலிருந்து பெற்ற ஊகம், ஊர்வாய், சோதிடரின் விருப்பம் என நால்வகைப் பேச்சு உண்டு. ஒருத்தி தனக்குக் குழந்தை உண்டாகியிருக்கின்றதா என்று வினவியதை, அவள் கருவுற்றிருந்தாள் என்று எழுதும் சரிதாசிரியர் சொற்களை மாத்திரம் மாற்றவில்லை, வினாவைச் செய்தியாக்கிவிடுகின்றார்.

இனி, இத்துறையிலே மிகுந்த ஆரவாரத்தை எழுப்பிய ஏ. எல். ரௌஸ் அவர்களின் ஆய்வை நோக்கலாம். ரௌஸ் எலிசபெத் கால வரலாற்றிலே துறைபோகியவர். போர்மனின் ஏடுகளை ஊன்றிப் படித்து, அவற்றின் சமூகப் பெறுமதியைப் பொதுவாசகர் உணரச் செய்தவர். இப்பெருமையை அவருக்கு மறுத்தல் நேர்மையாகாது. 1973 ஜனவரியில் அவர் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையிலே ஒரு செய்தியை வெளியிட்டார். 1609 இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாடல்களிலே கவிஞரை வாட்டும் கருநிறப் பெண் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது; அவர் எமிலியா லானியர் என்பதே அச்செய்தி. சான்று, போர்மனின் ஏடு.

எமிலியா 1569 இல் ஞானஸ்நானம் பெற்றவர். அரசவை இசைவாணரான வெனிஸ் நாட்டு பசானோ குடும்பத்தவர் ஒருவரின் மகள். 1597 ஆம் ஆண்டு அவர் போர்மனிடம் பலமுறை சென்றார். அவர் முன்னர் ஹன்ஸ்டன் பிரபுவின் ஆசைநாயகியாக இருந்தமையும், கருவுற்ற நிலையில் இசைவாணர் ஒருவருக்கு மணஞ்செய்து வைக்கப்பட்டமையும் ஏட்டிலே குறிக்கப்பட்டுள்ளன. ஹன்ஸ்டன் பிரபு ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலராக விளங்கியவர். இதுவரை ரௌஸின் வாதம் வலுவுடையதே. ஆயின் பாடல்களிற் கூறப்படும் பெண் கருநிறத்தவள் ஆயிற்றே! அதற்கும் ஏட்டிலே விடை இருப்பதாக அவர் கண்டார். எமிலியா இளமையில் மிகவும் 'பிரவுண்' ஆக, அதாவது மாநிறமாக, இருந்தார் என்று போர்மன் எழுதியிருப்பதாக ரௌஸ் எடுத்துக்காட்டினார்.

ஏட்டில் இருந்த சொல் 'பிரவுண்' அன்று, 'பிரேவ்'. அதே ஆண்டில் ஸ்டான்லி வெல்ஸ் இதனைச் சுட்டிக்காட்டினார். 'பிரேவ்' என்னும் சொல் இன்று வீரத்தைக் குறிப்பினும், அக்காலத்தில் ஆடையணிகளாற் பொலிவுற்றிருத்தலையும் குறித்தது. பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த நாளில் எமிலியா ஆடம்பரமாகத் தோன்றினார் என்பதே அவ்வரியின் கருத்து. நிறத்தைப் பற்றி அது யாதொன்றும் கூறவில்லை. எமிலியாவின் கணவர் பெயர் வில்லியம் என்றும் ரௌஸ் கொண்டிருந்தார். பாடல்களில் 'வில்' என்ற பெயரை வைத்து ஆடப்படும் சொல்விளையாட்டுக்கு இது பொருந்தி வந்தது. கணவர் பெயரோ அல்பொன்சோ. இரு தூண்களும் வீழ்ந்த பின்னர் ரௌஸ் சொற்களைத் திருத்தினார்; முடிபைத் திருத்தவில்லை. 1978 இல் எமிலியாவின் கவிதைகளைப் பதிப்பித்தபோதும் நூலின் தலைப்பிலேயே அவரை ஷேக்ஸ்பியரின் கருநிறப் பெண் என்று குறிப்பிட்டார்.

பழைய கையெழுத்தை வாசிப்பதில் எவரும் தவறலாம். நான்கு நூற்றாண்டுப் பழமையான அவசரக் கையெழுத்தில் இரு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ரௌஸின் தவறு எழுத்து மயக்கத்தினால் மட்டும் விளைந்ததன்று. பாடல்களில் எதிர்பார்த்த பெண்ணை ஏட்டிலே தேடியமையால், ஐயத்துக்கிடமான சொல் எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசிப்பு எடுத்துரைப்பாகி, எடுத்துரைப்பு சான்றாகி, சான்று மீண்டும் பாடல்களுக்குப் பொருள் கூறும் உரையாகிவிட்டது. ஏட்டின் அவ்வரியை அவர் தம் மொழியிற் சுருக்காமல், ஐயத்தையும் உடன் குறித்து அப்படியே தந்திருந்தால் தவறு முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும். எங்கே வாதம் ஒரு சொல்லின் மீது நிற்கின்றதோ அங்கே பொழிப்பு போதாது.

இதனினும் பாரதூரமானது எமிலியாவின் குணம் பற்றிய பகுதி. கணவர் எசெக்ஸ் பிரபுவின் கடற்பயணத்திற் சேர்ந்து சென்றிருந்த வேளையில், அவருக்குப் பட்டம் கிடைக்குமா, தாம் சீமாட்டியாவாரா என்று எமிலியா வினவினார். கடலுக்குச் சென்றவரின் மனைவி சோதிடரிடம் வேறெதனை வினவுவார்? இவ்வினா சரிதநூலிலே பேராசை கொண்ட பெண் என்ற குணச்சித்திரமாக மாறுவதற்கு ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. மறுபுறம், எமிலியா தம் விருப்பத்துக்கு இணங்குவாரா என்று போர்மன் தாமே சக்கரம் வரைந்து பார்த்தார். அவர் விரும்பியது முற்றாகக் கைகூடவில்லை. அதன்பின் எமிலியாவை இழித்துரைக்கும் சொற்கள் ஏட்டில் இடம்பெறுகின்றன. மறுக்கப்பட்ட ஓர் ஆண்மகனின் வெகுளி அது. அவ்வெகுளியை நடுநிலைச் சாட்சியமாகப் பொழிப்புரைப்பின், சோதிடர் தொடங்கிய தூற்றுதலைச் சரிதாசிரியர் முடித்துவைத்தவராவார்.

போர்மனின் இறப்பைப் பற்றிய கதையும் இவ்வாறே ஆராயத்தக்கது. இராவுணவின்போது, யார் முதலில் இறப்பர் என்று மனைவி விளையாட்டாக வினவியதாகவும், வரும் வியாழன் இரவு தாம் இறப்பதாக அவர் விடை கூறியதாகவும், அவ்வாறே வியாழனன்று தேம்ஸ் நதியிலே படகு வலிக்கையில் விழுந்து இறந்ததாகவும், உடனே புயலெழுந்ததாகவும் கூறப்படும் அக்கதை படிப்போரைக் கவரவல்லது. அதனை நமக்குத் தருபவர் வில்லியம் லிலி. அவரும் ஒரு சோதிடர். 1602 இற் பிறந்த அவர் போர்மன் இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுவன். இலண்டனுக்கு வந்தது 1620 இல். அஷ்மோலின் பொருட்டு அவர் எழுதிய தன்வரலாறு போர்மன் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின் எழுதப்பட்டு, 1715 இலேயே அச்சேறியது. சோதிடம் பொய்யன்று என்று நிலைநாட்டுவதில் அவருக்குத் தொழில்முறை நாட்டமும் இருந்தது. பிற்காலத்து நூல்கள் பலவற்றில் 'லிலி கூறுவதன்படி' என்ற இரு சொற்கள் உதிர்ந்துபோக, கணித்த நாளிலே இறந்த சோதிடர் என்பது வரலாற்றுச் செய்தியாகவே நடமாடுகின்றது. தமிழில் 'என்ப', 'போலும்', 'என்று கூறுவர்' எனப் பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே தரும் வாய்பாடுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றை நடையழகுக்குத் தடையென்று நீக்கும் பழக்கம் நம் சரிதநூல்களிலும் இல்லாமலில்லை.

1613 இல் தோமஸ் ஓவர்பெரி சிறையில் நஞ்சூட்டப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து 1615 இல் நடந்த வழக்கிலே, இறந்துபோன போர்மனின் பெயர் சூனியக்காரனின் பெயராக அடிபட்டது. குற்றஞ்சாட்டுவோர் கூற்று என்ற அடை நீங்கி அப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. எடுத்துரைப்பதிலே போர்மனே தேர்ந்தவரல்லர். தாம் கண்ட நாடகங்கள் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் ஷேக்ஸ்பியர் ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். குளோப் அரங்கிற் கண்ட 'மக்பெத்'தைச் சுருக்கியுரைக்கும்போது, மக்பெத்தும் பாங்கோவும் காட்டினூடே குதிரையிற் செல்வதாகவும், எதிர்ப்பட்ட மூவர் வனதேவதைகள் போன்றோர் எனவும் எழுதுகிறார். நாடகத்தின் சூனியக்காரிகள் இவ்வாறு மாறியதற்குக் காரணம், ஹொலின்ஷெட் எழுதிய வரலாற்று நூலை அவர் படித்திருந்தமையே என்று ஆய்வாளர் கருதுவர். கண்டதும் படித்ததும் அவர் நினைவிலே கலந்துவிட்டன. 1611 மே மாதம் கண்ட 'மாரிக்காலக் கதை'யிலோ, சிலை உயிர்பெறும் புகழ்பெற்ற காட்சியை ஒரு சொல்லாலும் குறிப்பிடாமல், ஊரை ஏய்க்கும் போலிப் பிச்சைக்காரனிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதையே பெரிதாக எழுதிவைத்தார்!

2001 இல் வெளிவந்த பார்பரா டிரெய்ஸ்டரின் நூலும், 2005 இல் வெளிவந்த லோரன் கசெலின் நூலும் போர்மனை அணுகும் முறை வேறானது. போர்மன் என்ன செய்தார் என்று கூறுமுன், அவர் எவற்றை, ஏன், எவ்வாறு எழுதினார் என்று அவை வினவுகின்றன. அதனால் ரௌஸின் நூலிலுள்ள விறுவிறுப்பை அவற்றிலே காண்பது அரிது. படிப்போருக்குச் சற்றுச் சலிப்பும் தட்டலாம். ஆனால் ஒரு கூற்று யாருடையது என்ற ஐயம் எழுவதில்லை. கசெலின் தலைமையிலே கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தார் போர்மன், நேப்பியர் ஆகிய இருவரின் ஏறத்தாழ 80,000 பதிவுகளையும் வகைப்படுத்திக் கணினிவழி வெளியிட்டுள்ளனர். வினவியவர், வினா, தீர்ப்பு என்பன அங்கே தனித்தனியே பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. ரௌஸுக்கு இவ்வசதி இருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எமிலியா லானியரின் கவிதை நூல் போர்மன் இறந்த அதே 1611 இல் வெளிவந்தது. தம் பெயரில் ஒரு முழுக் கவிதை நூலை அச்சேற்றிய முதல் ஆங்கிலப் பெண்களுள் அவர் ஒருவர். கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் அந்நூலின் நடுவே, பழி முழுவதையும் ஏவாளின் தலையிற் சுமத்துவது நீதியாகுமா என்று வாதாடும் பகுதி உண்டு. அக்கவிதைகளைப் பரவலாகப் படிக்கச் செய்தது ரௌஸின் பதிப்பே என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் 1993 இல் சூசன் வூட்ஸ் வெளியிட்ட பதிப்பு அவரைக் கவிஞராகவே முன்னிறுத்தியது. எனினும் அவருடைய இளமை வாழ்வைப் பற்றி அறிவதற்குப் பதிவேடுகளிலுள்ள சில தேதிகளை விட்டால் எஞ்சுவன பெரும்பாலும் போர்மனின் பக்கங்களே. எனவே அவர் சரிதத்தை எழுதுவோர் எவரும், தம்மிடம் வினவ வந்து பின்னர் தம்மை மறுத்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சோதிடர் எழுதிவைத்தது என்ற குறிப்புடன், அப்பக்கங்களுக்கு மீண்டும் செல்லவேண்டியவராகவே உள்ளனர்.